வெற்றிடத்தில் மூச்சு

ஹோ நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய செனாமின் தலைமுடியெல்லாம் ஹர்மட்டான் என்னும் பாலைக்காற்றின் புழுதி. முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த அன்றே பேராசிரியர் டான்க்வா அவளைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்த அறை அது. ஜன்னல் கிடையாது. நண்பகலிலும் கும்மிருட்டு. கருவிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு ஓயாமல் உறுமியது. சூடான எண்ணெய் வாடை தொண்டையில் ஒட்டியது.

“உனக்கு முன்னால இங்கே ஆய்வு பண்ணின எலோர்ம் விட்டுட்டுப் போன வேலையை நீ முடிச்சுக் கொடு,” என்று ஒரு கண்ணாடிக் குப்பியை நீட்டினார் பேராசிரியர். உள்ளே கரிபோல் ஒரு பொடி. கண்ணுக்குத் தெரியாத துகள்கள். குடிநீரின் நஞ்சைப் பிடிப்பவை.

“எலோர்ம் எங்கே சார்?”

“காசநோய். போய்ச் சேர்ந்துட்டான்.”

அவர் மாடியேறியதும் கருவியை இயக்கும் எபோ அவளருகே வந்தார்.

“காசநோயாம். தூசியை வெளியே இழுக்குற விசிறி ஓடாத கண்ணாடிக் கூண்டு முன்னால உட்கார வெச்சு ஒரு வருஷம் இந்தப் பொடியை அரைக்கவிட்டாரு. கடைசியில பய துப்புனதெல்லாம் கறுப்பு. குப்பியைத் திறக்காதே, தங்கச்சி.”

“அப்புறம் பட்டத்தை யாரு தருவா, நீங்களா?”

“கருவியில வெச்சுப் பார்க்க அவன் தயார் பண்ணின சாம்பிள் ஒண்ணு இருக்கு. அதைப் பாரு, போதும்.”

எபோ அதை உள்ளே வைத்து மூடினார். பம்பு கடைசிக் காற்றையும் உறிஞ்சி எடுத்தது. திரையில் சாம்பல் நிறத் துகள்கள் குவியலாகத் தெரிந்தன.

அவை அசைந்தன.

“லாரி ஏதாவது போகுதாண்ணே?”

“இல்லை.”

துகள்கள் மெல்ல விலகின. மெல்ல நெருங்கின. சற்று நின்று, மறுபடி விலகின.

நெஞ்சு ஏறி இறங்குவதுபோல.

“உள்ளே காத்தே இல்லையே,” என்று கிசுகிசுத்தாள் செனாம்.

பம்பின் உறுமலுக்கு அடியில் ஓர் இருமல் கேட்டது. வறண்ட இருமல். இரும்புக் குழாய்க்குள்ளிருந்து.

அவள் படிகளில் ஓடினாள். விசிறியைச் சரிசெய்யும்வரை குப்பியைத் தொடமாட்டேன் என்று பேராசிரியரிடம் சொன்னாள். இருமலைப் பற்றியும் சொன்னாள்.

“பெட்டியைக் கட்டு. உன் இடத்துக்கு ஆயிரம் பேர் காத்திருக்காங்க,” என்றார் அவர். “பேய்க்குப் பயந்தவ அறிவியல் படிக்க வரக்கூடாது.”

குப்பியைப் பிடுங்கிக்கொண்டு அவரே இறங்கிப் போனார். கூண்டருகே மூடியைத் திருகினார். பொடி புகையாக எழுந்தது. ஓடாத விசிறியை விட்டுவிட்டு அது அவர் முகத்தை நோக்கி வந்ததைத் தான் பார்த்ததாக எபோ பிற்பாடு சொன்னார்.

மழைக்காலம் பிறக்குமுன் பேராசிரியரைப் புதைத்தார்கள்.

பிறகு விசிறி மாற்றப்பட்டது. பழைய பொடியையும் மாதிரிகளையும் சிமெண்டில் கலந்து குழியில் இறக்கினார்கள். செனாம் புதிய வழிகாட்டியிடம் சேர்ந்தாள். தானே உருவாக்கிய வெள்ளித் துகள்களை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். எபோ அவற்றை உள்ளே வைத்து, சிலுவைக்குறி போட்டுவிட்டுக் கருவியை மூடினார்.

திரை வெளிச்சமானது.

ஒரு பக்கத்துத் துகள்கள் அமைதியாக விலகி நெருங்கின, தூங்குபவன் மூச்சுபோல.

மறுபக்கத்தில் இருந்தவை திணறிக்கொண்டிருந்தன.