புதியது போல

"இப்ப எதைத் தப்பாப் படிச்சேன்?"

அலமாரிக் கதவு திறந்தது. தொங்கும் சட்டைகளுக்கு நடுவிலிருந்து அம்மாவின் முகம் எட்டிப் பார்த்தது.

"எதையும் தப்பாப் படிக்கலை," என்றாள் குண்டூசி.

"பின்ன ஏன் தட்டுன?"

"நான் தட்டலைம்மா."

"டக்குன்னு கேட்டுச்சே."

"எனக்கும்தான் கேட்டுச்சு. ஆனா நான் தட்டலை."

அம்மா அவளை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஒரு வரியை அவர் படிப்பது இது ஏழாவது முறை.

அம்மாவின் வேலை பாடப்புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வது. பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்காக இந்த வேலை. அங்கே ஐந்தாம் வகுப்பில் ஒன்பது பேர். அவர்கள் காதால் கேட்டுத்தான் பாடம் படிக்க வேண்டும். துணி அலமாரிக்குள் உட்கார்ந்து படித்தால் தெருச் சத்தம் பதிவாகாது. துணிகள் அதை விழுங்கிவிடும். மடிக்கணினியும் ஹார்டு டிஸ்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும்.

குண்டூசிக்கும் ஒரு வேலை உண்டு. வெளியே உட்கார்ந்து புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். அம்மா ஒரு சொல்லைத் தவறவிட்டால் கதவை ஒரு தட்டு தட்ட வேண்டும். அம்மா அந்த வரியைத் திரும்பப் படிப்பார்.

அவளும் ஐந்தாம் வகுப்பு, வயது பத்து. குண்டூசி என்பது மாமா வைத்த பெயர். ஆளும் ஒல்லி, கேள்வியும் குத்தும் என்பார்.

உள்ளே அம்மா மறுபடி தொடங்கினார். குரல் கரகரத்தது.

"மான் போல ஓடினாள் என்றால், ஓடியவள் மான் இல்லை. பெண்தான். போல என்று வந்துவிட்டாலே, அது அது இல்லை, அதற்கு ஒப்பானது என்று..."

டக்.

கதவு திறந்தது. குண்டூசி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

டக். டக்.

இருவரும் கீழ்த்தட்டைப் பார்த்தார்கள். கறுப்புப் பெட்டி போலிருந்த ஹார்டு டிஸ்கிலிருந்து சத்தம் வந்தது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு தட்டுவது போல.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாம் இதுலதான் இருக்கு," என்றார். "அறுபத்திரண்டு பாடம். நாலு மாச வேலை."

"நகல் எடுத்து வைக்கலையா?"

"எடுக்கணும் எடுக்கணும்னு..." அம்மா முடிக்கவில்லை. "மடிக்கணினியில இடமில்லை. இணையத்துல ஏத்தினா ஒரு வாரம் ஆகும்னு காட்டுது. நாளைக்குக் காலையில கொடுக்கணும். திங்கட்கிழமை அவங்களுக்குப் பரீட்சை."

"திரும்பப் படிக்க முடியாதா?"

அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். இன்னும் பத்து வரி படித்தாலே குரல் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டக். டக். டக்.

"அதை அணைச்சிடும்மா."

"பயமா இருக்கு. அணைச்சா திரும்ப வராம போச்சுன்னா?"

"கால் சுளுக்கினா ஓடக் கூடாதுன்னு நீதானே சொல்வ. வேற டிஸ்க் வாங்கிட்டு வந்து, அப்புறம் எழுப்புவோம்."

அம்மா கையை நீட்டினார். அணைத்தார். அறை அமைதியானது. அந்த அமைதியும் நன்றாக இல்லை.

*

மாமா சலவைக்கடை வேன் ஓட்டுபவர். அம்மாவின் தம்பி. கூப்பிட்ட பத்தாவது நிமிடம் வாசலில் ஹாரன் அடித்தார். வேன் முழுக்கச் சோப்பு வாசனை.

"கவலைப்படாதக்கா. தள்ளுபடி விற்பனை நடக்குது. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும். கழுகு கம்பெனி டிஸ்க்கு பாதி விலை."

"கழுகா? இப்போ டக்கு டக்குன்னு அடிக்குறது எந்தக் கம்பெனின்னு நினைச்ச? அதே கழுகுதான். நான் ஆமை கம்பெனிதான் வாங்குவேன். என்னோட முதல் டிஸ்க் ஆமை. எட்டு வருஷம் உழைச்சது."

"ஆமை. பேரே ஆமை. என் கழுகு ஏழு வருஷமா ஓடுது, ஒரு இருமல் கிடையாது."

"உன் கழுகுல என்ன இருக்கு? சினிமாப் பாட்டு. அதுக்கு எதுக்கு இருமல் வரும்?"

கடை வரும்வரை இதே சண்டை. நடு இருக்கையில் உட்கார்ந்திருந்த குண்டூசி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமாகிட்ட ஒரே ஒரு கழுகு. அம்மாகிட்ட ஒரே ஒரு ஆமை," என்றாள். "ஒண்ணை வச்சு எப்படிச் சொல்றீங்க?"

"குத்த ஆரம்பிச்சிட்டா," என்றார் மாமா.

மணி நாலு ஐம்பது.

*

கடையில் கூட்டம் நெருக்கியடித்தது. வாசலில் பெரிய பலகை: பாதி விலை. மேசைமேல் கழுகு படம் போட்ட பெட்டிகள் இரண்டே இரண்டுதான் மிச்சம். பெரிய டிஸ்க். மாமா ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பின்னால் நின்ற தொப்பிக்காரர் மற்றதை எடுத்தார்.

"பார்த்தியா, ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா போயிருக்கும். அக்கா, பணத்தை எடு."

அம்மா பையைத் திறந்தார். அவருக்கு எது கிடைத்தாலும் சரி என்ற நிலை.

குண்டூசியின் கண் மாமாவின் முழங்கை அருகே இருந்தது. பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன ஒட்டுத்தாள். எறும்பு அளவு எழுத்து.

"மாமா, கொஞ்சம் கையை எடுங்க."

"ஏன்?"

"படிக்கணும். 'புதியது போல'ன்னு போட்டிருக்கு."

"ஆமா. புதுசு."

"புதுசு இல்லை மாமா. புதுசு போல."

"ரெண்டும் ஒண்ணுதான். வரிசை நகருது, வா."

"ஒண்ணு இல்லை. மான் போல ஓடினா மான் இல்லை. புதுசு போல இருந்தா புதுசு இல்லை. அம்மா இன்னைக்கு ஏழு தடவை படிச்சாங்க."

"எட்டு," என்றார் அம்மா. பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரம்மா நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில், பேனா காதில். "சீக்கிரம் சொல்லுங்க, வேணுமா வேணாமா?"

"ஆன்ட்டி, இது எவ்வளவு நேரம் ஓடியிருக்கு?" என்று கேட்டாள் குண்டூசி.

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். "எனக்கெப்படித் தெரியும்? மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"மாட்டிப் பாருங்களேன்."

"பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க பார்."

"நானும் தெரிஞ்சுக்கணும்," என்றார் தொப்பிக்காரர்.

கடைக்காரம்மா பெருமூச்சு விட்டுப் பெட்டியைப் பிரித்தார். டிஸ்கைக் கணினியில் மாட்டினார். திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரு வரி: ஓடிய நேரம், 41,216 மணி.

குண்டூசி பென்சிலை எடுத்துப் பெட்டியின் அட்டைமேல் வகுத்தாள். வரிசையில் ஒருவர் இருமினார். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே கால்.

"ராத்திரி பகலா விடாம நாலரை வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. நான் ஒண்ணாம் வகுப்பு சேர்றதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிருக்கு."

யாரோ சிரித்தார்கள். தொப்பிக்காரர் தன் பெட்டியை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, எதுவும் எடுக்காதவர் போல நின்றுகொண்டார்.

"நான் யாரையும் ஏமாத்தலை," என்றார் கடைக்காரம்மா. "பெட்டியிலயே போட்டிருக்கு."

"ஆமா ஆன்ட்டி, போட்டிருக்கு. அதான் படிச்சேன்."

கடைக்காரம்மா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். அலமாரியைக் காட்டினார். "முழுப் புதுசு வேணும்னா அங்கே. சின்னது. கழுகும் இருக்கு, ஆமையும் இருக்கு. தள்ளுபடி கொஞ்சம்தான்."

"ஆமை," என்றார் அம்மா.

"கழுகு," என்றார் மாமா.

குண்டூசி கல்லாவுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் டிஸ்குகள்.

"அது என்ன?"

"செத்துப்போய்த் திரும்பி வந்தது. இந்த வருஷத்துக் கணக்கு."

குண்டூசி குனிந்து எண்ணினாள். கழுகு பன்னிரண்டு. ஆமை நாலு.

"பார்த்தியாடா?" அம்மாவின் கரகரத்த குரலிலும் வெற்றி தெரிந்தது. "பன்னிரண்டு கழுகு."

மாமா குனிந்து தானும் எண்ணிப் பார்த்தார்.

"இரும்மா," என்றாள் குண்டூசி. "ஆன்ட்டி, இந்த வருஷம் எத்தனை கழுகு வித்தீங்க?"

"முந்நூறு இருக்கும்."

"ஆமை?"

"அதை யாரு கேக்குறா? ஒரு நாப்பது."

"அப்போ கழுகு இருபத்தஞ்சுக்கு ஒண்ணு சாகுது. ஆமை பத்துக்கு ஒண்ணு."

இப்போது மாமா நிமிர்ந்தார். கழுத்து ஒரு அங்குலம் நீண்டது. "நான் அப்பவே சொன்னேன்."

"ஆனா அந்த இருபத்தஞ்சுல ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா?" என்றாள் குண்டூசி. "ஏற்கெனவே ஒண்ணு வந்திருக்கே."

மாமாவின் கழுத்து பழையபடி ஆனது.

"பெருசு ஒண்ணு வேணாம். சின்னது ரெண்டு வாங்கலாம். ரெண்டுலயும் எல்லாத்தையும் வைக்கலாம்."

"சரி, ரெண்டு கழுகு," என்றார் மாமா.

"வேணாம். போன வருஷம் எனக்கு ஒரே மாதிரி ரெண்டு ஜோடி செருப்பு வாங்கினீங்களே. ரெண்டும் ஒரே இடத்துலதான் அறுந்துது."

கடைக்காரம்மா காதிலிருந்த பேனாவை எடுத்தார். "ஒரே பெட்டியில வந்த டிஸ்கும் சில சமயம் அப்படித்தான் பண்ணும்," என்றார். "இந்தா பாப்பா, ஒரு கழுகு, ஒரு ஆமை. உங்க வீட்டுல சண்டையும் வராது."

*

ஆறரை மணிக்கு வீட்டுக் கூடத்தில் மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பழைய டிஸ்கின் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா தயங்கினார்.

"எல்லாத்தையும் மொத்தமாத் தூக்கிப் போடுவோம்," என்றார் மாமா.

"பாதியில நின்னா?" என்றாள் குண்டூசி. அவள் ஏற்கெனவே ஒரு தாளில் பட்டியல் எழுதியிருந்தாள். "திங்கட்கிழமை பரீட்சைக்கு வேண்டியது முதல்ல. ஒவ்வொரு பாடமா எடுக்கலாம். முதல்ல கழுகுக்கு. அப்புறம் கழுகுலேர்ந்து ஆமைக்கு. பழசை ரெண்டு தடவை ஓட விட வேணாம்."

அம்மா மாட்டினார். விளக்கு எரியவில்லை.

மாமா நகம் கடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குண்டூசி மனதுக்குள் எண்ணினாள். பதினேழில் விளக்கு எரிந்தது.

தமிழ் முதல் பாடம். போனது. இரண்டாம் பாடம். போனது. ஒவ்வொன்றுக்கும் குண்டூசி தாளில் ஒரு கோடு போட்டாள். பேசினால் அது செத்துவிடும் என்பதுபோல மாமா மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார்.

இருபத்தொன்பதாவது பாடத்தில் டக்.

பச்சைப் பட்டை பாதியில் நின்றது. டக். டக். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அணைங்க," என்றாள் குண்டூசி. "பத்து நிமிஷம் ஆறட்டும்."

அந்தப் பத்து நிமிடம் ஒரு முழுப் பள்ளிக்கூட நாள் அளவு நீளமாக இருந்தது. மறுபடி மாட்டினார்கள். பட்டை ஊர்ந்தது. முப்பது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்தில் ஒரு தடவை டக். யாரும் அசையவில்லை. அது தானாகவே தொடர்ந்தது.

அறுபத்தொன்று.

அதற்குப் பிறகு ஒரு நீளமான கீச்சுச் சத்தம். விளக்கு அணைந்தது. ஆறவைத்தும் எழவில்லை. இந்த முறை நிஜமாகவே செத்துவிட்டது.

"எது போச்சு?" அம்மாவின் குரல் காற்றாக வந்தது.

குண்டூசி தாளைப் பார்த்தாள். "முன்னுரை."

"அதை நான் எவ்வளவு அழகாப் படிச்சிருந்தேன்."

"தெரியும்மா. ஆனா முன்னுரையை யாரும் படிச்சு நான் பார்த்ததில்லை. அதான் கடைசியில வச்சேன்."

மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தார், சத்தம் வரவில்லை. அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. இன்று மத்தியானம் படித்த பாடம் பதிவாகவே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த டக் கெடுத்துவிட்டது. திங்கட்கிழமைப் பரீட்சையில் அதுவும் உண்டு.

அம்மா புத்தகத்தை எடுத்தார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

குண்டூசி புத்தகத்தில் விரல் வைத்தாள். பிறகு அதை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, துணி அலமாரிக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். உள்ளே வெக்கையாக இருந்தது. அம்மாவின் சட்டை ஒன்று மூக்கில் இடித்தது.

"தப்பாப் படிச்சா தட்டுங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா மூன்று முறை தட்டினார். மூன்றும் சரியான தட்டுகள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா எல்லாப் பாடங்களையும் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் போன் அடித்தது. அம்மா பேசக் கூடாது என்பதால் குண்டூசி எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு பையன். அந்த ஒன்பது பேரில் ஒருவன்.

"பாடம் எல்லாம் கேட்டோம். வாத்தியார் நன்றி சொல்லச் சொன்னாரு. எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு."

"கடைசிப் பாடத்துல குரல் வேற. சின்னப் பொண்ணு போல இருந்துச்சே."

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெந்நீர்க் கோப்பைக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"போல இல்லை," என்றாள் குண்டூசி.