பொறாமையில் பொருத்திய பிக்கப்

சொட்டச் சொட்ட நனைந்தபடி கடைக்குள் ஓடி வந்தவன், கிட்டார் பையை நேராக அவள் மேசைமேல் வைத்தான். மழைக்கோட்டு அவன் மேல் இல்லை... பையின் மேல்!

"ஹலோ... மேசையெல்லாம் ஈரமாகுது பாருங்க!" என்று சீறியபடி நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். இமையில் மழைத்துளியோடு சிரிக்கும் கண்கள்... கிட்டார் பழுது பார்க்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு?

"சாரிங்க. நான் நனைஞ்சா காய்ஞ்சிடுவேன். இது நனைஞ்சா அவ்ளோதான்."

அடடா, பேச்சைப் பார்!

சின்ன அரங்கு ஒன்றில் முதல்முறையாக ஸ்பீக்கர் வைத்து வாசிக்கப் போகிறானாம். கிட்டார் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வேண்டுமாம். அதில் இரண்டு வகை என்று அவள் உற்சாகமாக விளக்கினாள். தந்திகள் அழுந்தும் கட்டைக்கு அடியில் வைக்கிற மெல்லிய பட்டை ஒன்று. தெளிவாகக் கேட்கும், ஆனால் சத்தத்தில் உயிர் இருக்காது. கிட்டாருக்கு உள்ளே வைக்கிற குட்டி மைக் இன்னொன்று. மரத்தின் சத்தம் அப்படியே வரும். இரண்டையும் கலந்தால் பிரமாதம்.

"ஆனா மைக்ல பக்கத்துல பாடுறவங்க குரலும் விழும்."

"விழட்டுமே! அவ என் பக்கத்துலதான் உக்காருவா. என்ன குரல் தெரியுமா... கேட்டா சொக்கிப் போயிடுவீங்க."

அவளா? பக்கத்திலா? வயிறு பற்றி எரிந்தது. பார்த்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, இவளுக்கு என்ன உரிமை? ஒரு உரிமையும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"மைக் வேணாங்க. மேடைல 'கூ'ன்னு கத்தும். பட்டையே போதும்."

"நீங்க சொன்னா சரி."

மறுநாள் வந்தான். ஸ்பீக்கரில் இணைத்து மீட்டினான். சே... தகர டப்பா! உள்ளறையிலிருந்து அவள் அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"இது நீ செஞ்ச வேலையா?"

கடை அண்ணனுடையது. ஆனால் அவள் வேலையில் அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவளுக்கு முகம் தொங்கிப்போனது.

"நல்லாத்தானே இருக்கு," என்று பையை மூடினான் கிட்டார்க்காரன்.

நம்பிவிட்டானே, பாவி! இதோடு மேடை ஏறினால் மானம் போவது அவனுக்கல்லவா? என்ன பெண் நீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நில்லுங்க! நான் பொய் சொன்னேன். கொஞ்சமா கலந்தா மைக் கத்தாது. அவங்க குரல் உங்க கிட்டாருக்குள்ள போறது... எனக்குப் பிடிக்கல. போதுமா?"

அண்ணன் சத்தமில்லாமல் உள்ளே நழுவினான். இவளுக்குக் காது நுனி வரை சூடு.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அவ புருஷன்தாங்க எங்க கீபோர்டு. நான் கொஞ்சம் பிசகினாலும் முறைப்பான்."

"ஓ..."

"அப்புறம்... சத்தம் சரியில்லன்னு எனக்கும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா கெளம்புனீங்க?"

"குறை இருந்தாத்தானே நாளைக்கும் வரலாம்?"

அவள் வெடுக்கென்று பையைப் பிடுங்கினாள். "குடுங்க, இப்பவே மைக்கையும் வெச்சிடுறேன்."

"ஐயோ... அப்போ நாளைக்கு என்ன சாக்கு சொல்றது?"

"சாக்கு எதுக்கு?" நிமிராமலே சொன்னாள். "சும்மா வாங்க... நீங்க வரலைன்னா எனக்கு வேலை ஓடாது."