வெளுத்த இலைகள்

1968, ஆவணிக் கிருத்திகை. மத்தியானம் மூன்று மணிக்கு நல்லூர் சலவைப் பட்டறை முதலாளி நாச்சிமுத்து, தன் வீட்டுப் பின்பக்கத்துச் செடி அறையில் பிணமாகக் கிடந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு கைகளும் ஒரு பூந்தொட்டியை அணைத்திருந்தன.

பார்த்துக் கத்தியவன் மயில்சாமி. செத்தவரின் தம்பி மகன். பட்டறையை நடத்துகிறவனும் அவனே.

இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியம் வந்தபோதும் அறையில் காரமான வாடை மிச்சம் இருந்தது. செடி குளிர்ச்சியாக இருக்க, ஜன்னலில் ஈரச் சாக்கு அடைத்திருந்தது. கதவிடுக்கிலும் சாக்கு. மூலையில் ஒரு மண் தாழி. அதற்குள் கலங்கிய தண்ணீர்.

"எங்க ஊட்டுல எனக்கே விசிறி கெடையாதுங்க. இந்தச் செடிக்கு நடக்கிற சீரப் பாருங்க" என்றார் கான்ஸ்டபிள் வீரன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குனிந்து தொட்டியைப் பார்த்தார். காட்டு ஆர்க்கிட். ஒரே ஒரு மொட்டு, பாதி விரிந்த நிலையில் கருகியிருந்தது. தாழியைப் பார்த்திருந்த இலைகள் காகிதமாக வெளுத்திருந்தன. தொட்டியின் கறுப்பு மண்மேல் வெள்ளைத் தூள் வண்டலாகப் படிந்திருந்தது. பிளீச்சிங் பவுடர்.

நாச்சிமுத்துவின் மனைவி சுப்புலட்சுமி நடையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கருநீலச் சேலை. கொசுவத்தின் அடியில் வெளிறிய புள்ளிகள். தொண்டை கட்டிப்போயிருந்தது; பேச்சுக்கு நடுவே இருமினார்.

"காலையில என்னங்கம்மா நடந்துச்சு?"

"கிருத்திகைக்குச் சிவன்மலை போயிருந்தாருங்க. பொழுது சாயத்தான் வருவேன்னாரு. எப்ப வந்தாரு, எப்ப உள்ள போனாருன்னே தெரியலீங்க."

"பட்டறைப் பக்கம் போவீங்களா?"

"எம்பட மகன் போனதுல இருந்து அந்தப் பக்கமே போறதில்லீங்க."

மகன் கந்தவேல் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். ஆனைமலைக் காட்டிலிருந்து அந்தச் செடியைக் கொண்டுவந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டான். மூன்று வருஷமாக நாச்சிமுத்து அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வந்ததில்லை.

நாலரை மணிக்கு மயில்சாமியிடம் விசாரணை.

"காலையில பெரியப்பாகிட்டச் சண்டை போட்டியா?"

"ஆமாங்க."

"என்ன சொன்னே?"

"இந்தச் செடியோட நீங்களும் போயிருவீங்கன்னு... கோவத்துல சொன்னனுங்க."

"தாழியில என்ன இருந்துச்சு?"

மயில்சாமி தலை குனிந்தான். "பட்டறை ஆசிட்டுங்க. நாந்தான் கொண்டாந்து குடுப்பேன்."

"செடிக்கு ஆசிட்டா?"

"அது புளிச்ச மண்ணுல வளர்றதுங்க. காட்டுல எலை மக்கி மக்கி மண்ணு புளிச்சுக் கெடக்கும். நம்மூர்க் கெணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. மொத வருசம் செடி சாகற மாதிரி ஆயிப்போச்சு. அப்பறம் தாழியில ஆசிட்டக் கலந்து வெச்சுக்கிட்டு, ஒரு கரண்டி எடுத்துக் குடத்துத் தண்ணியில விட்டு ஊத்துவாரு. அதுல இருந்துதான் துளுத்துச்சு."

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஊட்டுக்குள்ள ஆசிட்டான்னு சத்தம் போடுவாங்கன்னு சொல்ல வேண்டாம்னாரு."

"ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா என்னாகும்?"

"வெசப் பொகைங்க. பட்டறையில சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

"இத்தனை வாடையில அவர் எப்படி உள்ள போனார்?"

"அவரு மூக்குக்கு வாடையே தெரியாதுங்க. ஆயுசு பூராப் பட்டறைப் பொகையில நின்னவரு. நெஞ்சும் போயிருச்சு."

வீரன் விலங்கை எடுத்தார். ஆசிட் கொண்டுவந்தவன், புகை பற்றித் தெரிந்தவன், பட்டறை யாருக்கு வரும் என்றால் அதுவும் அவனுக்கே. மயில்சாமி ஜீப்பில் ஏற்றப்பட்டான்.

இன்ஸ்பெக்டர் ஏறவில்லை. தான் வாய் திறக்காவிட்டால் ஜீப்பில் இருப்பவன் தூக்குக் கயிறு வரை போவான். திறந்தால் நடையில் இருக்கிற பெண் இதுவரை அறியாத ஒன்றை அறிந்துகொள்வார். உள்ளே திரும்பிப் போனார்.

"அம்மா, மயில்சாமிதான் கொன்னான்னு ஊர் சொல்லுது."

சுப்புலட்சுமி நிமிர்ந்தார். "கொன்னானா? நெஞ்சு நோவுல போனாருன்னு இருக்கேன்... அவன் எறும்பக்கூட மிதிக்க மாட்டானுங்க சாமி!"

"எனக்கும் தெரியும். ஆளைக் கொல்ல நினைச்சவன் செடித் தொட்டியில எதுக்குத் தூள் போடணும்? செடியைக் கொல்ல நினைச்சிருந்தா, மயில்சாமிக்குத் தாழியில இருந்த ஆசிட்டே போதும். தூளத் தேடிப் போயிருக்க மாட்டான். தாழியிலயும் போட்டவங்க, அதுல இருக்கறது வெறும் தண்ணின்னு நம்பினவங்க. செடி சாகணும்னு மட்டும் நினைச்சவங்க."

அவர் பார்வை சேலையின் அடியில் நின்றது. "பட்டறையில எல்லாரும் வெள்ளைதான் உடுத்தறாங்க, ஏன்னா சாயத் துணியில தூள் பட்டா இப்படித்தான் வெளுக்கும். பட்டறைப் பக்கமே போகாத உங்க சேலையில இது எப்படி வந்துச்சு? தொண்டை கட்டினது அழுததாலன்னு எல்லாரும் நினைச்சாங்க. நீங்க இருமுறீங்கம்மா."

சுப்புலட்சுமி கொசுவத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"காலையில கெளம்பறப்ப, நாளைக்குப் பூ விரியும், நம்ம பையன் கந்தனுக்கு எலை போடுன்னாருங்க. பூ விரியற அன்னைக்கு அவன் வந்து உக்காருவான், அவனுக்குப் புடிச்சதெல்லாம் ஆக்கி வெய்யின்னாரு. வெறும் எலைக்கு முன்னால என்னால உக்கார முடியாதுங்க. செடி செத்தா அழுதுட்டு வெளிய வந்துருவாருன்னு நெனச்சேன். அதான் பட்டறையில கரைச்சு வெச்சிருந்த தூள் தண்ணியக் கொஞ்சம் தூக்கிட்டு வந்து... தொட்டியில ஊத்துனேன். அந்தத் தண்ணியத்தான் தெனமும் எடுப்பாருன்னு மிச்சத்தத் தாழியில ஊத்துனேன். குப்புன்னு பொகை வந்துச்சு. கதவச் சாத்திட்டு ஓடியாந்துட்டேன்."

அப்புறம்தான் கேட்டார்:

"அந்தப் பொகையிலயா அவரு போனாரு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "பூ விரியறதப் பாக்கச் சீக்கிரம் திரும்பிட்டார். ஈரம் போயிரக் கூடாதுன்னு கதவச் சாத்திக்கிட்டார்."

சுப்புலட்சுமியின் தலை சுவரில் சாய்ந்தது. பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நான் வர்றனுங்க. அவன எறக்கி உடுங்க. அவருக்குக் கொள்ளி வெக்க இந்த ஊட்டுல வேற மகன் இல்லீங்க."

வீரன் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். இறங்கி வந்த மயில்சாமி, போலீஸ்காரர் நடுவில் நின்ற பெரியம்மாவைக் கண்டு விக்கித்து நின்றான்.

"பெரீம்மா..."

"அடுப்புல வெந்நி கெடக்குது, கண்ணு" என்றார் சுப்புலட்சுமி. "தலைக்கு ஊத்திக்க. அழுவாத, பங்காளிகளுக்கு ஆள் சொல்லி உடு."