பாலறிவான் தள்ளிய பால்

பாலைச் சோதிக்கும் இயந்திரமான பாலறிவானின் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: "அடர்த்தி 1.05. பாலன்று."

"சாக்கடையில ஊத்து, இசக்கி," என்றார் பண்ணைக் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன்.

செம்பி என்ற பசுவுக்குச் சுரப்பூசி போட்டுக் கறவை தொடங்கிய முதல் நாள் அது. சினையும் ஈற்றும் இல்லாமலே மடியில் பால் கட்டவைக்கும் ஊசி. அது வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. மாடுகள் கருவகம் எனும் ஆலைகளில் உருவாகி, வளர்ந்தபின் லாரியில் வந்தன. பண்ணையில் கன்றைப் பார்த்தவர் எவரும் இல்லை. ஊசி மாட்டின் முதல் சில நாள் பால் மஞ்சளாக, கூழாக வரும், காய்ச்சினால் திரண்டுவிடும். அதைக் கொட்டுவதே வழக்கம்.

அன்று காலை அங்கே ஒரு கன்று பிறந்திருந்தது. வேலி தாண்டி வந்த ஏதோ ஒரு காளையின் வேலை. ஈன்ற பசு பிழைக்கவில்லை. இசக்கி தன் முந்தானையால் கன்றைத் துடைத்து, மடியில் கிடத்தியிருந்தாள்.

"அண்ணாச்சி, செம்பி பாலைக் குடுத்துப் பாக்கட்டா? கன்னைப் பாத்துப் பாத்து அது கத்துது."

"கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? மெஷினே தள்ளுன பாலைப் பச்சப் பிள்ளைக்கா குடுப்ப? எம் பேத்திக்கு நல்ல பால் எடுத்து வச்சிருக்கேன், அதைக் குடு." கன்றின் மூக்கைத் தொட்டார். "முழியப் பாரு, எங்க மாமனாரு மாதிரியே!"

முதல் வேளைக்கு அவரே புட்டியைப் பிடித்துக்கொண்டார். பிறகு இசக்கி ஒவ்வொரு வேளையும் முருகனை வேண்டிவிட்டுத்தான் ஊட்டினாள். மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் கன்று எழவில்லை; உடல் குளிர்ந்திருந்தது.

கால்நடை மருத்துவர் ரெஜினா வந்து, குனிந்து பார்த்தாள். "சீம்பால் குடிச்சுதா?"

"அப்படின்னா?" என்றாள் இசக்கி.

"முதப் பாலு. மஞ்சளா, கெட்டியா இருக்கும். கன்னுக்கு நோயைத் தாங்குற சக்தியே அதுலதான் வருது. ஊசி மாட்டுக்கும் முதல்ல கிட்டத்தட்ட அப்படித்தான் சுரக்கும்."

இசக்கி தன் கைகளைப் பார்த்தாள்.

"நாங்க நல்ல பாலாத்தான் குடுத்தோம், டாக்டரம்மா," என்றார் ஆவுடையப்பன்.

பாலறிவான் பிழை செய்யவில்லை. விற்கிற பால் எப்படி இருக்கவேண்டும் என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தார்கள்.

இசக்கி செம்பியை அவிழ்த்துவிட்டாள். அது நேரே வந்து கன்றை நக்கத் தொடங்கியது. முகத்தை, காதை, மடங்கிய கால்களை. யாரும் அதைத் தடுக்கவில்லை. நக்க நக்க, குழாய் மாட்டாத மடியிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

தெளிந்து, வெள்ளையாக இருந்தது. இனிமேல் பாலறிவான் அதை ஏற்றுக்கொள்ளும்.