பதினாலாம் நம்பர் லீவர்

நின்றே விட்டது! நடுரோட்டில், கொட்டுகிற மழையில், ஐந்து தடவை உதைத்தும் முனகக்கூட மாட்டேன் என்று அடம்பிடித்தது ஸ்கூட்டர். அதைத் தள்ளிக்கொண்டு எதிரே தெரிந்த கார் பட்டறைக்குள் நுழைந்தபோது அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

வீட்டில் அவளுக்கு அண்ணன் வைத்த பெயர் அகராதி. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிற உத்தியோகத்துக்காகப் பாதி, வாய்க்கொழுப்புக்காக மீதி.

"யாராவது இருக்கீங்களா?"

ஒரு மோட்டார் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முதுகு பதில் சொன்னது. "இன்னிக்கு எந்த வேலையும் எடுக்கறதில்ல மேடம்."

"ஆளப் பாக்காமலே சொன்னா எப்படி? கொஞ்சம் மூஞ்சியக் காட்டிப் பேசுங்க!"

முதுகு திரும்பியது. மூக்கு நுனியில் கிரீஸ். அதற்கு மேலே இரண்டு கண்கள்... அடடா, இந்தச் சிடுமூஞ்சிக்கு இவ்வளவு நல்ல கண்கள் எதற்கு? அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

பட்டறையின் போர்மேன் அவன். மேலே கை காட்டினான். காரைத் தூக்குகிற புத்தம்புது லிஃப்டில், தலைக்கு மேலே, ஒரு சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது.

"காலையில ஏத்தினோம், எறங்க மாட்டேங்குது. இந்த லிஃப்ட் பிரெஞ்சு மெஷின். அதுக்கு இங்கிலீஷ்ல புஸ்தகம் எழுதியிருக்கான் ஒரு மகானுபாவன்... அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், அந்தக் காரோட சேத்து மேல ஏத்தி விட்டுடறேன்!"

மேஜை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவளுடையது! இரண்டு மாத உழைப்பு. ஏதோ ஒரு பட்டறையில் பரீட்சை பார்க்கக் கொடுத்திருப்பதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அங்கே இருக்கும் போர்மேன் வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அவள் வேலை நிலைக்கும். அந்த ஏதோ ஒரு பட்டறை... இதுதானா, கடவுளே!

"இங்கிலீஷ்ல என்ன தப்பு?" என்று சீறினாள். "தெளிவா இருக்கே. பதினாலு, கார எறக்கற லீவர்!"

"படிக்க நல்லாத்தான் இருக்கு. படத்துல பதினாலு எங்க இருக்குன்னு பாருங்க. கிரீஸ் வெக்கிற ஓட்ட! ஓட்டையப் புடிச்சு இழுக்கச் சொல்றீங்களா?"

"அப்ப படம் தப்பு!"

சொன்ன வாய் மூடுவதற்குள் உறைத்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டியல் கன்னாபின்னாவென்று கிடக்கிறதே என்று, ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் அழகாக அடுக்கி, ஒன்றிலிருந்து அறுபத்திரண்டு வரை புது எண் போட்டவள் அவள்தான். படத்தில் இருந்ததோ பழைய எண்கள். அழகு பார்த்த லட்சணம் தலைக்கு மேலே நின்றது.

சும்மா போய்விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

போனில் பிரெஞ்சு மூலத்தைத் திறந்தாள். "படத்துல முப்பத்தியொண்ணு... அத இழுங்க."

இழுத்தான். கார் பூப்போலத் தரைக்கு இறங்கியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அந்த மகானுபாவன்."

அவன் விழித்தான். பிறகு சிரித்தான்... சிரித்துக்கொண்டே இருந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அய்யோ, அழாதீங்க மேடம். நாளையிலேர்ந்து இங்க வந்து, மெஷின் பக்கத்துல நின்னு திருத்துங்க. அறுபத்திரண்டும் சரியாகட்டும், கையெழுத்துப் போடறேன்."

படித்தவள் போய்ப் பட்டறையில் நிற்பதா என்று இரவெல்லாம் பொருமினாள். "அகராதிக்கே திருத்தமா?" என்று அண்ணன் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினான். ஆனாலும் காலையில், அவன் சரிசெய்து கொடுத்த அதே ஸ்கூட்டரில் போனாள்.

மூன்று நாள். அவள் எண்ணைப் படிக்க, அவன் அந்தப் பாகத்தில் சாக்பீஸால் எழுதினான். எழுதும்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தானா என்றால், அதுவும் இல்லை.

"இவ்ளோ நீளமா பேர் வெச்சா, படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டியே துருப்புடிச்சிடும் மேடம்."

"அதான் சரியான வார்த்த!"

"சரியா இருந்து என்ன? கையில ஸ்பானரோட நிக்கறவனுக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல கண்ணு போகாது."

சண்டை போட்டாள். தோற்றாள். வீட்டுக்குப் போய் யோசித்தால் அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது, அதுதான் மகா எரிச்சல்! அதைவிட எரிச்சல், மறுநாள் எப்போது விடியும் என்று காத்திருந்து, விடிந்ததும் கண்ணாடி முன் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டது.

வெள்ளிக்கிழமை. மறுபடி மழை. கடைசி எண்ணும் நேற்றே முடிந்திருந்தது.

"போடுங்க கையெழுத்த."

"அந்த இருபதாம் நம்பர இன்னொரு தடவ பாத்துடலாமா?"

பார்த்தார்கள். பிறகு நாற்பதை. பிறகு ஏழாம் நம்பரை. மணி நாலரை. ஐந்துக்கு ஆபீஸ் மூடிவிடும். அவள் பொறுமை அறுந்தது.

"என்னதான் நெனச்சிட்டிருக்கீங்க? என் பொழப்பு சார் இது! அஞ்சு மணிக்குள்ள குடுக்கலேன்னா நாளைக்கு எனக்கு வேல இல்ல. வெளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

அவன் முகம் வாடிப்போயிற்று. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினான். கையெழுத்து. தேதி... நேற்றைய தேதி!

"நேத்தே போட்டுட்டேன். குடுக்கத்தான் மனசு வரல. குடுத்துட்டா நாளைக்கு நீங்க வரமாட்டீங்களே..."

மழை தகரக் கூரையை உடைத்துவிடும்போல் கொட்டியது. அவள் தாளைப் பார்த்தாள். அந்தக் கண்களைப் பார்த்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? இத நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"திட்டுவீங்களோன்னு..."

"திட்டத்தான் செய்வேன். இப்பவும் திட்டறேன்." தாளை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. முதல் நாள், மூக்குல கிரீஸோட திரும்பினீங்களே, அப்பவே. போதுமா?"

அவன் வாயடைத்து நின்றான். ஐந்து நாளில் முதல் தடவை.

"நின்னது போதும், ஸ்கூட்டர எடுங்க! ஆபீஸ் மூடிடும். நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்து தாள நனையாமப் புடிச்சுக்கறேன்..."