ஆறாம் நாள் போட்ட கையெழுத்து

இட்லிப் பானையில் ஆவி அடங்குவதற்குள் பீரோவின் மூன்று அடுக்கும் தரைக்கு வந்துவிட்டன. பட்டுப்புடவை ஒரு பக்கம், ரேஷன் கார்டு ஒரு பக்கம். நடுவில் உட்கார்ந்து செல்வப்பிரியா ஒவ்வொரு காகிதமாக எடுத்து வீசிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா வெச்ச? ஹாஸ்டல் லீவுல வந்ததுலிருந்து பத்து நாளா கேட்டுட்டே இருக்கறேன்... இன்னிக்கு ரிவ்யூ! பஞ்சாயத்துல குடுத்த பொறந்த சர்டிபிகேட்டு இல்லாம வராதேன்னு கோச் ஜின்சன் சார் சொல்லிட்டாரு!"

நர்மதா அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"தேடிப் பாத்தேன் கண்ணு... காணோம்."

"காணோமா? மத்ததெல்லாம் பத்திரமா இருக்குது, என்ற சர்டிபிகேட்டு மட்டும் காணாமப் போயிருச்சா? நீதான் ஒளிச்சு வெச்சுட்ட! நான் ஆக்கி விளையாடறதே உனக்குப் புடிக்கல!"

வாசலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த ரமேஷ்குமார் உள்ளே எட்டிப் பார்த்தான். "ஏம்புள்ள, பெத்த தாயா நீ? போன மாசம் சாரு என்ன எழுதியிருந்தாருன்னு பாத்தியல்ல... வயசுக்குத் தக்கன ஒடம்பு இல்லீன்னு! ஒழுங்காச் சோறு போட்டிருந்தா புள்ள இப்பிடியா நிக்கும்?"

அந்தத் தாளை நர்மதா மனப்பாடமாகவே வைத்திருந்தாள். முன்கள ஆட்டக்காரி. பந்தை நிறுத்தும் கை நன்று. இடம் பார்த்து ஓடும் புத்தி மிக நன்று. முப்பது மீட்டர் ஓட்டம், தோள் பலம், உயரம் மூன்றும் பதினாறை நெருங்கும் பெண்ணுக்குப் போதாது. இனி வளர வாய்ப்புக் குறைவு. கடைசி வரிதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. 'நீண்டகாலத் தகுதி: சந்தேகம். மார்ச் ரிவ்யூவில் முடிவு.'

முடிவு என்றால், பாலக்காட்டு விளையாட்டு ஹாஸ்டலில் இன்னும் இரண்டு வருடம் இருப்பதா, பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்புவதா என்பது. பதினோரு மணிக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடி முன் நின்று புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள் ரமேஷ்குமாரின் அக்கா கருப்பாத்தாள். பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். புருசன் தவறியபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவள் சொல்லே அந்த வீட்டில் சொல். வேறு நாளாக இருந்தால் இந்தச் சத்தத்துக்கு இரண்டு அதட்டல் போட்டிருப்பாள். இன்று வாயில் கவ்விய இரண்டு ஊக்கையும் எடுக்கவில்லை.

காகிதம் எங்கே போயிற்று என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். கம்பு போட்டுவைக்கும் தகர டின்னின் அடியில், நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி இருந்தது. அதில் பிறந்த தேதி மே இருபது, வருடம் இரண்டாயிரத்துப் பதினொன்று. பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஹாஸ்டல் பதிவிலும் அதே மே இருபதுதான். வருடம் மட்டும் பத்து.

அந்த ஒரு வருடத்தைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டது நர்மதா.

கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாம் நாள் பிள்ளைகளைத் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் எத்தனை வகுப்பு, எத்தனை டீச்சர் என்பதெல்லாம். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூனில் அந்தத் தமிழ் மீடியம் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை குறைந்தது. சுற்றுவட்டாரமெல்லாம் இங்கிலீஷ் பள்ளி வேனில் ஏறிப் போன காலம் அது. ஒரு பிள்ளை கிடைக்காவிட்டால் ஒரு டீச்சர் வெளியே. கடைசியாகச் சேர்ந்த டீச்சர் கருப்பாத்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் அழுதுகொண்டே வந்து நின்றாள். "நர்மதா... நம்ம பாப்பாவக் குடுத்துரு. அஞ்சு வயசுன்னு நீ எழுதிக் குடுத்தாப் போதும்..."

பாப்பாவுக்கு நாலு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யூனிஃபார்ம் பாவாடையை இரண்டு முறை மடித்து ஊக்குக் குத்தி, மறுநாள் நர்மதாவே தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்தாள். வகுப்பும் தப்பியது, வேலையும் தப்பியது. ரமேஷ்குமார் அப்போது மஸ்கட்டில் இருந்தான். மகள் பிறந்தபோதும் அங்கேதான். வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. மகள் பிறந்த வருடம் கேட்டால் ஆதார் கார்டைத் தேடுகிற தகப்பன்.

மகளும் தகப்பனும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கருப்பாத்தாள் அடுக்களைக்குள் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நர்மதா... இன்னும் ரெண்டே மாசம். மே முடிஞ்சா எனக்கு ரிட்டயர்மென்ட்டு. இப்ப இது வெளிய வந்தா விசாரணைன்னு வந்து நிப்பாங்க. பென்சன நிறுத்திப்போடுவாங்க... உன்ற கால்ல வேண்ணாலும் உழுகறேன்."

"அய்யோ நங்கை! என்ன பேச்சுங்க இது..." நர்மதா பதறிப்போய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ரெண்டு மாசம் கழிச்சு என்ற புள்ளைக்கு எடம் இருக்காதுங்களே..."

கருப்பாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.

"நானும் வரட்டுமா கண்ணு?" என்று நர்மதா வாசல்வரை ஓடினாள்.

"நீ வர வேண்டாம்!" செல்வப்பிரியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆக்கி மட்டையைத் தோளில் மாட்டியபடி பஸ்ஸுக்கு ஓடினாள். அந்த முதுகைப் பார்க்கும்போது, மடித்துக் குத்திய பாவாடையோடு ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று அழுத அதே பிள்ளையாகத்தான் தெரிந்தது தாய்க்கு.

நர்மதா தகர டின்னின் முன்னால் எத்தனை நேரம் நின்றாளோ தெரியாது. மாமியார் இல்லாத வீட்டில் தாய்க்குத் தாயாக நின்று அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் கருப்பாத்தாள். அவளுக்கு எப்படித் துரோகம் செய்வது? பத்து வருடமாக, எல்லோரையும்விட ஒரு தலை குட்டையாக நின்று, "உங்கம்மா சோறு போடலியா?" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சிரித்துவைத்தது பெற்ற பிள்ளை. அவளுக்கு மட்டும் துரோகம் செய்யலாமா? கடைசியில் ஒன்று தோன்றியது. கையெழுத்து யாருடையது? தன்னுடையதுதானே! பழியும் தன்னோடே இருக்கட்டுமே!

கம்பைத் தரையில் கொட்டினாள். வாரக்கூட நிற்காமல் ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ் அன்றைக்கென்று எல்லா நிறுத்தத்திலும் நின்றது. சித்தூர் தாண்டுவதற்குள் பத்து இருபது. முந்தானைக்குள் பிளாஸ்டிக் பை வியர்வையில் ஒட்டியது. 'ஜெயிலுல போடுவாங்களா? அவரு என்னை ஊட்டுக்குள்ள சேத்துவாரா? சர்டிபிகேட்டையே நம்பாமப் போயிட்டா?' ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கேள்வி ஏறிக்கொண்டது.

ஹாஸ்டல் மைதானத்தில் ரிவ்யூ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நர்மதா கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஆக்கி விதியெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் மகளைத் தெரியும். எல்லோரும் பந்தைப் பார்த்து ஓட, செல்வப்பிரியா மட்டும் பந்து வரப்போகிற இடத்துக்கு முதலிலேயே போய் நின்றாள். வந்த பந்தை ஒரு தட்டில் அடக்கினாள். அடுத்த நொடி பெரிய உருவமாக ஒருத்தி தோளால் மோதினாள். செல்வப்பிரியா உருண்டுபோய் விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் அதே மாதிரி போய் நின்றாள், மறுபடியும் விழுந்தாள். நாலாவது முறை மோதலுக்கு முன்பே பந்தைத் தள்ளிவிட்டுக் குனிந்து புகுந்தாள். பந்து கோல் பலகையில் இடித்த சத்தம் வேலிவரை கேட்டது. நர்மதா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அலுவலக அறைக்குள் அவள் நுழைந்தபோது ரமேஷ்குமார் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். செல்வப்பிரியாவின் முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஜின்சன் சார், நரைத்த மீசை, கழுத்தில் விசில்.

"சர்டிபிகேட்டு தராம இருக்கறவங்க எல்லாரும் எதுக்குத் தராம இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் சாரே," என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "வயசு குறைச்சிருப்பாங்க. உங்க மோளுக்கு நெஜமா பதினேழு, பதினெட்டுன்னா, இந்த ஒடம்புல இனி ஒண்ணும் வளராது. நான் பேர வெட்டித்தான் ஆகணும்..."

"இல்லீங்க சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். நர்மதா காகிதத்தை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அது நழுவி அவர் மடியில் விழுந்தது.

"பொய் எழுதுனது நெசந்தானுங்க. நான்தான் எழுதுனேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லீங்க... சீக்கிரம் பள்ளிக்கோடத்துல சேத்தோணும்னு ஆசைப்பட்டு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு என்ன தண்டனை வேண்ணாலும் குடுங்க. புள்ளைய மட்டும் கைவிட்டுராதீங்க!"

ஜின்சன் சார் காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இது... வயசு கூட்டியிருக்கு!"

"ஆமாங்க."

"இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன் சேச்சி. பிள்ளைகளுக்கு வயசு குறைச்சுக் கொண்டுவந்த அம்மமார் நூறு பேரப் பாத்திருக்கேன். கூட்டிக் கொண்டுவந்தது நீங்க மாத்ரம்தான்!"

ரமேஷ்குமார் விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தான். "நான் பிளைட் ஏறுனது பத்தாம் வருசம் நவம்பர்ல... அப்ப உன்ற வயித்துல மூணு மாசம்..." எண்ணி முடித்ததும் அவன் முகம் வெளிறிப்போனது. "அய்யோ... இத நான் என்னிக்கோ எண்ணிப் பாத்திருக்கோணுமே! ஏன் நர்மதா இப்பிடிப் பண்ணுன?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. "என்ற புத்தி கெட்டுப்போச்சுங்க..."

"கெட்டது அவ புத்தியில்ல. என்ற புத்தி!"

வாசற்படியில் கருப்பாத்தாள். புடவை கசங்கியிருந்தது. ஒரு ஊக்கு கழன்று தொங்கியது. ஆட்டோவில் வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"நங்கை! நீங்க எதுக்கு வந்தீங்க..." நர்மதா அலறியே விட்டாள்.

"நீ சும்மா இரு. பத்து வருசமா நீ சும்மா இருந்தது போதும்." டீச்சர் உள்ளே வந்து மேசை முன்னால் நின்றாள். "சார், ஆறாம் நாள் எண்ணிக்கையில ஒரு தலை கொறஞ்சுது. என்ற வேலையக் காப்பாத்த, இவ மடியில இருந்த கொழந்தைய நான்தான் வாங்கிட்டுப் போனேன். எழுதச் சொன்னதும் நான், எழுத்து எழுத்தாச் சொல்லிக் குடுத்ததும் நான். அதுக்கப்பறம், 'ஏன் நர்மதா புள்ள வளரல, சோறு போடறியா இல்லியா'ன்னு ஊருக்கு முன்னால கேட்டதும் நானேதான்! காலையில ஒண்ணாங்கிளாஸ் ஆஜர் எடுத்தேனுங்க. ஒவ்வொரு பேரு கூப்பிடும்போதும் அந்த மடிச்சுக் குத்துன பாவாடைதான் கண்ணுல நின்னுது. பாதியில மூடி வெச்சுட்டு வந்துட்டேன்."

"பென்சன்..." என்றாள் நர்மதா.

"நிறுத்துனா நிறுத்தட்டும். நாளைக்கு நானே ஆபீசுக்கு எழுதிக் குடுத்துருவேன். என்னை மன்னிச்சுரு அம்மிணி..."

முப்பது வருடம் வீட்டையும் வகுப்பையும் அதட்டியே பழகிய அந்தக் கைகள் நர்மதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கின. ரமேஷ்குமார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

ஜின்சன் சார் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பழைய தாளை எடுத்தார். பதினாறுக்கான கணக்கை அடித்தார். ஒவ்வொரு வரியையும் பதினைந்துகூட ஆகாத ஒரு பெண்ணின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நர்மதாவுக்கு அந்த ஐந்து நிமிடமும் ஐந்து பிரசவம்.

"ஓட்டம்... இந்த வயசுக்கு மோசமில்ல. உயரம், கொறவுதான், ஆனா வளர நேரமிருக்கு. பலம் நாம கட்டி எடுக்கலாம்." அவர் நிமிர்ந்தார். "ஆனா இடம் பாக்கற அந்தக் கண் இருக்கே, அத நானும் கத்துக்குடுக்க முடியாது. ஒரு வயசு மூத்தவங்களோட மோதி மோதித்தான் இவ அந்தக் கண்ணக் கத்துக்கிட்டா. முடிவு என் கையில மாத்ரம் இல்ல. ரிக்கார்டு திருத்தணும், மேல எழுதணும். அது வரைக்கும் பேர வெட்ட மாட்டேன். எழுதறது இதுதான்."

கடைசி வரியில் 'சந்தேகம்' என்பதை அடித்துவிட்டு எழுதியதைத் திருப்பிக் காட்டினார். 'உண்டு. காத்திருக்க வேண்டும்.'

திரும்பும் பஸ்ஸில் ரமேஷ்குமார் மனைவிக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்துவிட்டு, முன் சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். செல்வப்பிரியா வெகுநேரம் மட்டையின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா..."

"என்ன கண்ணு?"

"காலையில... நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது." சுரண்டுவதை நிறுத்தினாள். "அப்ப எனக்கு நெசமாவே எத்தனை வயசு?"

"பதினாலு. மே மாசம் வந்தாத்தான் பதினஞ்சு."

செல்வப்பிரியா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஊர் பார்க்குமே என்ற கூச்சமெல்லாம் இல்லாமல் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்தாள். நாலு வயதில் அந்த மடியிலிருந்து இறக்கிக் கொண்டுபோன பிள்ளை. நர்மதா அவள் முழங்கையில் காய்ந்திருந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கொழிஞ்சாம்பாறை வரும்வரை அவளை எழுப்பவே இல்லை.