ஆறட்டும் அந்த மோட்டார்!

ஒரே இழுப்பு! உந்திங் மாமா கயிற்றை ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தார். ட்ர்ர்ர் என்று மோட்டார் கிளம்பிவிட்டது.

மிந்துவின் அப்பா சங்காவுக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தியா புள்ள! பதினஞ்சு வருஷத்து மோட்டாராம். சத்தத்தைக் கேளு, சும்மா கிண்ணுன்னு இருக்கு!"

படகில் மாட்டுகிற மோட்டார் அது. மாமா அதை விற்கவிருந்தார், அப்பா வாங்க வந்திருந்தார். தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்மில் அதன் கால் முங்கியிருந்தது. மோட்டாரின் முதுகிலிருந்து ஒரு நூல் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"ஐயே, ஒண்ணுக்குப் போகுது!" என்றாள் மிந்து.

"போகணும்டி. போகலைன்னாதான் கவலை. உள்ளே சூட்டைத் தணிச்சிட்டு வர்ற தண்ணி அது" என்றார் அப்பா.

மோட்டாரை நிறுத்தி, அதன் காலைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடியில் இருந்த திருகாணியைக் கழற்றி எண்ணெயையும் பார்த்தார். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெளுக்கவில்லை. தண்ணீரைத் தள்ளும் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்த்தார். அதுவும் நன்றாகவே சுற்றியது. மோட்டாரை மறுபடி டிரம்மில் இறக்கினார்.

"எல்லாம் சரியா இருக்கு. பேசி முடிச்சிடலாமா மாமா?"

"முடிச்சிடலாம் மாப்ளே! நல்ல காரியத்துக்கு எதுக்கு லேட்டு?" என்றார் உந்திங் மாமா. அவர் பேசிய வேகத்தைப் பார்த்தால், யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி இருந்தது.

மிந்துவின் மனதில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

காலையில் அவர்கள் வந்து இறங்கியபோது, இதே மோட்டாரின் மூடி மேல் ஒரு மஞ்சள் பூனை சுருண்டு படுத்திருந்தது. ஆற்றங்கரையில் ஒரே குளிர், பனி. அந்தக் குளிரில் பூனை எதற்கு இங்கே வந்து படுக்க வேண்டும்? மிந்து பூனையைத் தூக்கிக்கொண்டு மூடியைத் தொட்டுப் பார்த்தாள். கதகதவென்று இருந்தது.

அப்படியென்றால், இவர்கள் வருவதற்கு முன்பே யாரோ இதை ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள்.

இவர்களுடைய பழைய மோட்டாரும் இப்படித்தான். சூடாக இருந்தால் சமத்தாக ஓடும். காலையில் ஆறிக் கிடந்தாலோ, அப்பா தோள் வலிக்க இழுத்தாலும் அசையாது. மிந்துவின் பள்ளிக்கூடம் ஆற்றின் கீழ்ப்பக்கம், வெகு தூரத்தில் இருந்தது. வாரம் முழுவதும் விடுதியில் இருப்பாள், சனி ஞாயிறு மட்டும் வீடு. பழைய மோட்டார் செய்த கூத்தில் பல திங்கட்கிழமைகள் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள்.

"இன்னொரு தடவை லேட்டா வந்தா, இனிமே லீவு விடுற வரைக்கும் வீட்டுக்கே அனுப்ப மாட்டேன்" என்று விடுதி அம்மா சொல்லிவிட்டார்.

வீட்டில் மிந்துவுக்கு ஒரு தம்பி இருந்தான். இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். கொஞ்ச நாள் பார்க்காவிட்டால் இவளை யாரோ என்று நினைத்து அம்மா பின்னால் ஒளிந்துகொள்வான்.

இதை எப்படிச் சொல்வது? "மாமா, நீங்க ஏமாத்துறீங்க" என்று அவர் வீட்டு வாசலிலேயே நின்று சொல்ல முடியுமா? ஒருவேளை அவர் வேறு எதற்காவது ஓட்டியிருந்தால்?

அப்போது மேலே, தூண்கள் மேல் நின்ற வீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. உந்திங் மாமாவின் மனைவி அவர்.

"பலகாரம் எடுத்து வெச்சிருக்கேன்! தொட்டுட்டாவது போங்க!"

இபான் பழங்குடி மக்களின் வீடுகளில் இந்த விஷயத்தில் விளையாட்டே கிடையாது. எடுத்து வைத்த சாப்பாட்டைத் தொடாமல் கிளம்பினால் அது 'பூனி'. வழியில் படகு கவிழும், பாம்பு கடிக்கும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். அவசரக்காரர்கள் தட்டை ஒரு விரலால் தொட்டுவிட்டு ஓடுவார்கள். அது போதும்.

அப்பா விடுவிடுவென்று ஏணியில் ஏறினார். பல குடும்பங்கள் வரிசையாகச் சேர்ந்து வாழும் நீளவீட்டின் பொதுக்கூடத்தில் பாய் விரித்திருந்தது. அவர் நின்றபடியே குனிந்து, தட்டை ஒரு விரலால் தொட்டார்.

"தொட்டாச்சு அத்தை. வா மிந்து, போலாம்."

மிந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பசிக்குதுப்பா."

"வர்றப்பதானேடி சோறு தின்னே!"

"அது அப்போ."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "புள்ளைய ஏன் விரட்டுறே? நீ சாப்பிடும்மா!"

மிந்து வலை போலப் பொரித்த பலகாரத்தை எடுத்து, ஒவ்வொரு இழையாகப் பிய்த்துத் தின்றாள். அப்புறம் மூங்கில் குழாயில் வேகவைத்த சோறு. அப்புறம் காப்பி, அதையும் ஊதி ஊதி. அப்புறம் இன்னொரு பலகாரம்.

அப்பா கண்ணாலேயே மிரட்டினார். மிந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் கீழே, டிரம் மேல் இருந்தது. மோட்டார் ஓய்ந்ததும் மஞ்சள் பூனை திரும்ப வந்து மூடி மேல் படுத்திருந்தது.

உந்திங் மாமா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"புள்ள நல்லா சாப்பிடுது" என்றார், அழாத குறையாக. விருந்தாளியைப் போதும் என்று சொல்லி எழுப்ப யாரால் முடியும்?

மிந்துவுக்கு வயிறு வெடித்துவிடும்போல இருந்தது. இன்னும் ஒரு வாய் என்றாலும் அவ்வளவுதான்!

நல்லவேளை, பூனை எழுந்தது. சோம்பல் முறித்தது. மூடியிலிருந்து குதித்து, அடுப்படியைத் தேடி நடந்தது.

மிந்து கையைக் கழுவினாள். "மாமா, கிளம்புறதுக்கு முன்னாடி அதை ஒரே ஒரு தடவை இழுத்துக் காட்டுறீங்களா? எனக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருக்கு."

உந்திங் மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லாரும் கீழே இறங்கினார்கள். மாமா இழுத்தார். மோட்டார் இருமியது. மறுபடி இழுத்தார். வியர்க்க வியர்க்க இழுத்தார். ஊஹூம்!

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

உந்திங் மாமா கயிற்றை விட்டுவிட்டு டிரம் ஓரமாக உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடு மாப்ளே. காலையில ஆறிப் போச்சுன்னா இப்படித்தான் படுத்துது. கிளம்பிட்டா தங்கமா ஓடும். நீ பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவியோன்னு பயந்து, விடியறப்பவே சூடு பண்ணி வெச்சேன். என்ன கோளாறுன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

அப்பாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மாமா தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அது வடிந்துவிட்டது.

"சரி, விடுங்க. இது நமக்குச் சரிப்படாது" என்றார்.

மிந்துவுக்கு மனசு கேட்கவில்லை. ஓடும்போது நன்றாகத்தானே ஓடுகிறது? பெட்ரோல் டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் உருண்டை இருந்தது. அதை அமுக்கினால் பெட்ரோல் மேலே ஏறும். அவள் அதை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, நம்ம படகுல இருக்கிறது நாலு அமுக்குல கல்லு மாதிரி ஆயிடும். இது கொழகொழன்னே இருக்கு. கையெல்லாம் வேற பெட்ரோல் வாடை!"

அப்பா குழாயை வளைத்துப் பார்த்தார். அடிப்பக்கத்தில் முடி போல ஒரு வெடிப்பு.

"அட! இது வழியா காத்து உள்ளே போகுது. நிறுத்தி வெச்சா பெட்ரோல் எல்லாம் கீழே இறங்கிடும்!"

அவர்கள் வந்தது பக்கத்து வீட்டுக்காரரின் இரவல் படகு. அதிலிருந்த மோட்டாரும் இதே கம்பெனி. மிந்து ஓடிப்போய் அந்தக் குழாயைக் கழற்றி வந்தாள். மாட்டினார்கள். நாலு அமுக்கு. உருண்டை கல்லானது.

அப்பாவே இழுத்தார். ஒன்று. இரண்டு. ட்ர்ர்ர்!

"அப்பாடா!" என்று கத்திவிட்டார் உந்திங் மாமா. மிந்துவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

மாமாவே புதுக் குழாய் வாங்கித் தருவதாகச் சொன்னார். பேச்சு முடிந்தது. அப்பா மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும், மாமா மிந்துவிடம் மெல்லக் கேட்டார்.

"சூடு பண்ணினது உனக்கு முன்னாடியே தெரியும்தானே? ஏன் சொல்லல?"

"அத்தை காதுல விழுந்திருக்குமே மாமா."

உந்திங் மாமா அவள் தலையில் கை வைத்தார்.

திங்கட்கிழமை காலை. ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. புதுக் குழாய் மாட்டி, இரவெல்லாம் ஆறிக் கிடந்த மோட்டாரின் கயிற்றை அப்பா இழுத்தார். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது.

படித்துறையில் அம்மா இடுப்பிலிருந்து தம்பி கையை ஆட்டினான். வழக்கமாக இந்த இடத்தில் மிந்து அழுவாள். இன்று எழுந்து நின்று கத்தினாள்.

"வெள்ளிக்கிழமை வந்துடுவேன்டா!"